கடவுளைச் சுவரில் ஏற்றும் சட்டங்கள்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலச் சட்டமன்றம் 1978இல் ஒரு சட்டம் இயற்றியது. மாநிலத்தின் ஒவ்வோர் அரசுப் பள்ளி வகுப்பறையிலும் விவிலியத்தின் பத்துக் கட்டளைகள் அச்சிட்ட தாள் ஒன்று தொங்க வேண்டும். அதன் அளவு 16க்கு 20 அங்குலம். செலவுக்கு அரசுப் பணம் கிடையாது, நன்கொடைதான். கட்டளைகளுக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. மேற்கத்திய நாகரிகமும் அமெரிக்கப் பொதுச் சட்டமும் இக்கட்டளைகளைத் தம் அடிப்படையாக ஏற்றிருப்பதால், இவற்றின் மதச்சார்பற்ற பயன் தெளிவு என்பது அந்தக் குறிப்பின் சாரம். மேலே, என்னையன்றி வேறு தெய்வத்தை வணங்காதே என்ற ஆணை. கீழே, இது மதமல்ல என்ற சமாதானம்.

உச்ச நீதிமன்றம் 1980 நவம்பரில், வாய்மொழி வாதம்கூடக் கேட்காமல், 5க்கு 4 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தை அடித்துவிட்டது. ஸ்டோன் எதிர் கிரகாம் என்ற அத்தீர்ப்பின் காரணம் எளிமையானது. கொலை செய்யாதே, திருடாதே என்பவை எல்லோருக்கும் பொது. ஓய்வுநாளைப் புனிதமாகக் கொள், கடவுளின் பெயரை வீணாகச் சொல்லாதே என்பவை வழிபாடு சார்ந்தவை. அடிக்குறிப்பு எதுவும் அதை மாற்றிவிடாது.

ஆனால் அந்த அடிக்குறிப்பின் தந்திரம் அமெரிக்காவில் செத்துவிடவில்லை. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்கிறது அந்நாட்டு அரசமைப்பின் முதல் திருத்தம். ஆகவே பொதுக் கட்டடத்தில் கடவுளின் பெயரை எழுத விரும்புகிறவர், அது கடவுளைப் பற்றியதல்ல என்று நீதிமன்றத்தில் வாதாடியாக வேண்டும். சட்டமன்றத்தில் ஒரு பேச்சு, நீதிமன்றத்தில் வேறு பேச்சு. வாசகம் சுவரில் ஏறிவிடுகிறது. அதற்குக் கொடுக்கும் விலை அந்த வாசகத்தின் பொருள்.

நாணயத்தில் தொடங்கியது

‘கடவுளை நம்புகிறோம்’ என்பது இன்று அமெரிக்காவின் அதிகாரபூர்வமான தேசிய வாசகம். அந்நாட்டை நிறுவியவர்கள் இப்படி ஒன்றை எழுதி வைக்கவில்லை. 1782இல் உருவான தேசிய முத்திரையில் அவர்கள் பொறித்தது, பலரும் சேர்ந்து ஒன்றானோம் என்ற பொருள் தரும் லத்தீன் தொடர். கடவுள் வந்தது உள்நாட்டுப் போரின்போது. 1861 நவம்பரில், பென்சில்வேனியாவைச் சேர்ந்த வாட்கின்சன் என்ற பாதிரியார் கருவூலச் செயலர் சால்மன் சேஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். நம் குடியரசு சிதறிப்போனால், பின்னாளில் வரும் தொல்பொருள் அறிஞர்கள் நம் நாணயங்களைப் பார்த்து நம்மைக் கடவுள் அறியாத கூட்டம் என்று நினைத்துவிட மாட்டார்களா என்பது அவர் கவலை. போர் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத மாதங்களில் எழுந்த கவலை அது. சேஸ் உடனே பிலடெல்பியா நாணயச் சாலைக்கு ஆணை அனுப்பினார். 1864இல் வெளிவந்த இரண்டு சென்ட் நாணயத்தில் வாசகம் முதன்முதலாக ஏறியது.

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது தியோடர் ரூஸ்வெல்ட்டின் மறுப்பை. 1907இல் சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் வடித்த புதிய தங்க நாணயங்களிலிருந்து வாசகம் விடப்பட்டபோது தேவாலயங்கள் கொதித்தன. பக்தி இல்லாததால் செய்யவில்லை, பக்தி இருப்பதால்தான் செய்தேன் என்ற தொனியில் பதில் எழுதினார் ரூஸ்வெல்ட். காசில் கடவுளை எழுதுவது தெய்வ நிந்தனையை ஒட்டிய அவமரியாதை என்றார். நாணயத்தில் உள்ள அந்த வாசகத்தைப் பற்றி மரியாதையோடு பேசிய ஒரு மனிதரைக்கூடத் தான் சந்தித்ததில்லை என்றும், கேலிக்குத்தான் அது பயன்பட்டிருக்கிறது என்றும் சொன்னார். அதே கடிதத்தில், தேசிய நினைவுச் சின்னங்களிலும் நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் இதைப் பொறித்தால் நல்லது, பார்க்கிறவர் மனம் உயரும் என்றும் எழுதினார். கையில் புழங்கினால் தேயும், சுவரில் நின்றால் ஓங்கும் என்பது அவர் கணிப்பு. காங்கிரஸ் அவர் பேச்சைக் கேட்கவில்லை. 1908இல் சட்டம் போட்டு வாசகத்தை நாணயங்களுக்குத் திரும்பக் கொண்டுவந்தது.

அதைத் தேசத்தின் வாசகமாக ஆக்கியது பனிப்போர். 1954இல் கொடி உறுதிமொழியில் ‘கடவுளின் கீழ்’ என்ற சொற்கள் நுழைந்தன. 1955இல், புளோரிடாவின் சார்லஸ் பென்னட் கொண்டுவந்த மசோதாவின்படி, எல்லா நாணயங்களிலும் தாள்களிலும் வாசகம் கட்டாயமானது. 1956இல் அதுவே தேசிய வாசகம் ஆனது. மறு ஆண்டு ஒரு டாலர் தாளில் ஏறியது. நாத்திக சோவியத்திலிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்ட அமெரிக்கருக்கு அப்போது ஓர் அடையாளம் தேவைப்பட்டது என்பது பரவலான விளக்கம். வரலாற்றாசிரியர் கெவின் குரூஸ் 2015இல் எழுதிய நூலில் வேரை இன்னும் பின்னால் தேடுகிறார். 1930களில் ரூஸ்வெல்ட் குடும்பத்தின் மற்றொருவரான பிராங்க்ளினின் நலத் திட்டங்களை எதிர்த்த பெருமுதலாளிகள், தங்களுக்கு ஆதரவாகப் பாதிரிமார்களைத் திரட்டியதில் இது தொடங்குகிறது என்கிறார். இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

1962இல் இரண்டு நிகழ்ச்சிகள் ஆறு மாத இடைவெளியில் நடந்தன. ஜூனில், அரசு எழுதிக் கொடுத்த பிரார்த்தனையைப் பள்ளிகளில் ஓதுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஏங்கல் எதிர் விட்டாலே வழக்கில் தீர்ப்பளித்தது. டிசம்பரில், பிரதிநிதிகள் அவையில் சபாநாயகர் இருக்கைக்கு மேலே ‘கடவுளை நம்புகிறோம்’ பொறிக்கப்பட்டது. பள்ளியில் வாயால் சொல்லக் கூடாததை அவையில் கல்லால் சொல்லலாம் என்பதுபோல் ஆயிற்று.

தேய்ந்ததால் செல்லும்

இந்த வாசகத்தை எதிர்த்த வழக்குகள் எல்லாமே தோற்றிருக்கின்றன. தோற்ற விதம் கவனிக்கத் தக்கது. 1970இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், இது நாட்டுப்பற்றும் சடங்கும் சார்ந்தது, மதத்தை நிறுவுவதோடு இதற்குத் தொடர்பே இல்லை என்றது. 1984இல் வேறொரு வழக்கின் மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி வில்லியம் பிரென்னன் இதை இன்னும் வெளிப்படையாகச் சொன்னார். இத்தகைய தொடர்கள் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு மத உள்ளடக்கத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டன, அதனால்தான் அவை தாக்குப்பிடிக்கின்றன என்பது அவர் கருத்து. ரூஸ்வெல்ட் எதைக் குற்றமாகச் சொன்னாரோ அதையே நீதிமன்றங்கள் காப்பாக மாற்றிக்கொண்டன.

2005இல் வட கரோலினாவின் டேவிட்சன் மாவட்ட அரசு அலுவலக முகப்பில் 18 அங்குல எழுத்துகளில் இதே வாசகம் நின்றது பற்றிய வழக்கிலும் இதுதான் நடந்தது. காசில் இருந்தால் குற்றமில்லை என்றால் கட்டடத்தில் இருந்தாலும் குற்றமில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் சட்டைப் பையில் கிடப்பதும் தெருக்கோடியிலிருந்து படிக்கத் தெரிவதும் ஒன்றா என்று வழக்காடியவர்கள் கேட்டது எடுபடவில்லை.

ஓஹாயோ கதையை இங்கே சொல்லாமல் விட முடியாது, அதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்த ஜார்ஜ் வாய்னோவிச் 1990களில் இந்தியாவுக்கு வந்தார். ஓர் அரசுக் கட்டடத்தில் ‘அரசுப் பணி கடவுள் பணி’ என்று பொறித்திருந்ததைப் பார்த்து அசந்துபோனார். பெங்களூரு விதான சவுதாவின் முகப்பில், கெங்கல் ஹனுமந்தையா காலத்தில் இடம்பெற்ற வாசகம் இது. ஊருக்குத் திரும்பிய ஆளுநர், கொலம்பஸ் நகரிலுள்ள தம் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்திலும் ஒன்று வேண்டும் என்றார். ஓஹாயோவுக்கு 1959 முதலே ஒரு மாநில வாசகம் உண்டு: கடவுளால் எல்லாம் கூடும். மத்தேயு நற்செய்தியில் இயேசு சொல்வது. வழக்கு வந்தது. 2000இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, இது கிறிஸ்துவின் வாய்ச்சொல், செல்லாது என்றது. 2001இல் ஆறாம் வட்டார முழு அமர்வு 9க்கு 4 என்று அதைப் புரட்டியது. இந்த வழக்கின் தொடக்கத்திலேயே மாவட்ட நீதிபதி ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: வாசகத்தை எழுதலாம், அது மத்தேயுவிலிருந்து வந்தது என்று எழுதக் கூடாது. சொன்னவர் பெயரை மறைத்தால்தான் சொல் சட்டப்படி செல்லும்! இந்த ஏற்பாட்டை எந்த விசுவாசி மனமார வரவேற்பார் என்று எனக்குத் தெரியவில்லை. விதான சவுதாவில் இந்தச் சங்கடம் இல்லை. அங்கே கடவுள் பொதுப் பெயர், எந்த நூலையும் மேற்கோள் காட்டவில்லை.

நாட்டுப்பற்று வாசகத்துக்கும் ஒரு வழக்கு உண்டு, அதில் அரசு தோற்றது. நியூ ஹாம்ப்ஷயரின் கார் எண் பலகையில் சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப்போ என்ற பொருளில் மாநில வாசகம் இருக்கும். ஜார்ஜ் மேனார்ட் என்ற யெகோவாவின் சாட்சி, உயிரே பெரிது, கடவுளின் அரசே நிலையானது, இந்த வாசகத்தை நான் சுமக்க மாட்டேன் என்று அதை ஒட்டுநாடாவால் மறைத்தார். அபராதம் கட்ட மறுத்து 15 நாள் சிறையில் இருந்தார். 1977இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அரசின் கருத்துக்கு நடமாடும் விளம்பரப் பலகையாக இருக்கக் குடிமகனைக் கட்டாயப்படுத்த முடியாது. அப்படியானால் டாலர் தாளிலுள்ள வாசகத்தை நாத்திகர் அழிக்கலாமா என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி ரென்க்விஸ்ட் கேட்டார். பெரும்பான்மைத் தீர்ப்போ, காசு பணப்பையில் இருப்பது, ஊருக்குக் காட்டுவது அல்ல என்று அடிக்குறிப்பில் தப்பித்துக்கொண்டது. இதே தர்க்கத்தைச் சுவருக்குப் பொருத்திப் பார்த்தால் என்ன ஆகும்? சுவர் அரசுடையது, என்னுடையது அல்ல என்பதால் எனக்கு மறைக்கும் உரிமை இல்லை. அது எந்நேரமும் எல்லோர் கண்ணிலும் படுவது என்பதால் பணப்பை வாதமும் பொருந்தாது. வகுப்பறைச் சுவர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, கட்டாயக் கல்வியில் சிக்கிய குழந்தை அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறது.

பள்ளிக்குள்

2001இல் மிசிசிப்பி மாநிலம் ஒவ்வொரு வகுப்பறையிலும் அரங்கிலும் உணவுக்கூடத்திலும் தேசிய வாசகத்தைக் குறைந்தது 11க்கு 14 அங்குலச் சட்டத்தில் மாட்டச் சொன்னது. 2002இல் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்பீல்டு நகர மன்றம் தன் கூடத்தில் மாட்டியது. அதை முன்மொழிந்த மன்ற உறுப்பினர் ஜாக்கி சல்லிவன் அதை ஓர் இயக்கமாக்கினார், நூற்றுக்கணக்கான ஊர்கள் பின்தொடர்ந்தன. பிறகு ‘பிராஜெக்ட் பிளிட்ஸ்’ வந்தது. காங்கிரஸ் பிரார்த்தனைக் குழு அறக்கட்டளை முதலிய அமைப்புகள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்காகத் தயாரித்த மாதிரி மசோதாத் தொகுப்பு இது. எதிர்ப்பு குறைவாக வரக்கூடியவை முதலில், கடினமானவை பிறகு என்று படி வகுத்திருந்தார்கள். முதல் படியில் இருந்தது தேசிய வாசகத்தைப் பள்ளியில் மாட்டும் மசோதா. எதிர்த்து வாக்களிப்பவர் தேசத்தின் வாசகத்தையே எதிர்த்தவராகிவிடுவார் அல்லவா.

2018 பிப்ரவரியில் புளோரிடாவின் பார்க்லேண்டு பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு வாரம் கழித்து மாநிலப் பிரதிநிதிகள் அவை, பள்ளிகளில் ‘கடவுளை நம்புகிறோம்’ மாட்டும் மசோதாவைப் பெருவாரியாக நிறைவேற்றியது. முன்மொழிந்த கிம்பர்லி டேனியல்ஸ், கடவுளே ஒளி, நம் பள்ளிகளுக்கு இதுவரை இல்லாத அளவுக்கு அந்த ஒளி தேவை என்ற பொருளில் பேசினார். அவர் பேச்சில் பாசாங்கு இல்லை. தேய்ந்துபோன சடங்குத் தொடரைப் பற்றியும் அவர் பேசவில்லை. ஆனால் அந்தச் சட்டம் நீதிமன்றம் ஏறியிருந்தால் அரசு வழக்கறிஞர் எழுந்து, மாண்புமிகு நீதிபதியே, இதில் மதப் பொருள் எதுவும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

டெக்சாஸின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் சாமர்த்தியமானது. யாராவது வாசகப் பலகையை நன்கொடையாகத் தந்தால் பள்ளி அதை எடுப்பான இடத்தில் மாட்டியே ஆக வேண்டும். கிறிஸ்தவப் பழமைவாதக் கைபேசி நிறுவனம் ஒன்று பலகைகளை அனுப்பிக் குவித்தது. அடுத்த ஆண்டு சவுத்லேக் ஊரில் ஒரு பெற்றோர், அதே வாசகத்தை அரபு எழுத்தில் ஒரு பலகையிலும் வானவில் வண்ணத்தில் இன்னொன்றிலும் எழுதிக் கொண்டுவந்தார். பள்ளி வாரியம் வாங்க மறுத்தது. கட்டடத்துக்கு ஒரு பலகை போதும், ஏற்கெனவே இருக்கிறது என்றார்கள். சட்டப்படி பதில் சரிதான். ஆனால் மதமற்ற சடங்குத் தொடர் என்றால் எந்த எழுத்தில் இருந்தால் என்ன? அந்தப் பெற்றோர் ஒரே அட்டையில் ஒரு நீண்ட வழக்குரையை எழுதிவிட்டார்.

மீண்டும் கட்டளைகள்

பத்துக் கட்டளைகள் இன்னும் சிக்கலானவை, ஏனென்றால் எந்தப் பத்து என்பதிலேயே சண்டை. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து உன்னை மீட்ட கடவுள் நான் என்ற அறிவிப்பே யூதர்களுக்கு முதலாவது. சிலை வணக்கத் தடையைச் சீர்திருத்தச் சபையினர் தனிக் கட்டளையாக எண்ணுவர். கத்தோலிக்கரும் லூத்தரன்களும் அதை முதலாவதோடு சேர்த்துவிடுவர். இது வெறும் எண்ணிக்கைத் தகராறு அல்ல. பள்ளியில் யாருடைய விவிலியத்தைப் படிப்பது என்ற பகை முற்றி, 1844இல் பிலடெல்பியாவில் கலவரம் மூண்டது. பலர் மாண்டனர், கத்தோலிக்கத் தேவாலயங்கள் எரிந்தன.

ஈகிள்ஸ் என்ற சகோதர சங்கம் 1950களில் ஒரு சமரசப் பிரதியைத் தயாரித்தது. மின்னசோட்டா நீதிபதி ஒருவர் சிறார் குற்றங்களைக் கண்டு தொடங்கிய இயக்கம் அது. திரைப்பட இயக்குநர் செசில் டெமில் தம் ‘தி டென் கமாண்ட்மென்ட்ஸ்’ படம் வந்த வேளையில் கைகொடுக்க, நாடெங்கும் கல் தூண்கள் எழுந்தன. அவற்றில் ஒன்று 1961இல் டெக்சாஸ் மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் நின்றது. அந்தச் சமரசப் பிரதியில் எகிப்து இல்லை. எல்லோருக்கும் பொதுவாக்கும் முயற்சியில் யூதர்களின் முதல் வரியே விழுந்துவிட்டது.

2005 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் தந்தது. டெக்சாஸ் தூண் நிற்கலாம், கென்டக்கி நீதிமன்றங்களில் மாட்டிய கட்டளைகள் கூடாது. இரண்டுமே 5க்கு 4. இரண்டிலும் வெற்றிப் பக்கம் நின்றவர் நீதிபதி ஸ்டீபன் பிரேயர் ஒருவரே. தூண் நாற்பது ஆண்டுகள் யாரையும் உறுத்தாமல் நின்றது, கென்டக்கிக் காட்சியோ அண்மையில் மத நோக்கத்தோடு வைக்கப்பட்டது என்பது அவர் பார்வை. பழையது தப்பும், புதியது மாட்டும். இதைக் கொள்கையற்ற தீர்ப்பு என்று பலர் பழித்தார்கள். இந்தத் துறையில் எழுதப்பட்டவற்றில் மிக நேர்மையான தீர்ப்பு அதுதான் என்பது என் எண்ணம். சூத்திரம் எதையும் அவர் பாசாங்காக முன்வைக்கவில்லை.

2022இல் தரை நகர்ந்தது. கென்னடி எதிர் பிரெமர்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசின் நோக்கத்தைச் சோதித்த 1971ஆம் ஆண்டு லெமன் அளவுகோலைக் கைவிட்டு, இனி வரலாற்று மரபே அளவுகோல் என்றது. ஸ்டோன் தீர்ப்பு லெமன் மேல் கட்டப்பட்டது, ஆகவே அதுவும் விழுந்தது என்று மாநிலங்கள் கணக்குப் போட்டன. 2024 ஜூனில் லூசியானா ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி, பல்கலைக்கழகங்கள் உட்பட எல்லா அரசு வகுப்பறைகளிலும் 11க்கு 14 அங்குலத்தில் கட்டளைகள் என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். பிடிக்காவிட்டால் பிள்ளையைப் பார்க்காதே என்று சொல்லுங்கள் என்பது பெற்றோருக்கு அவர் சொன்ன யோசனை. 2025இல் ஆர்கன்சாவும் டெக்சாஸும் சேர்ந்தன. டெக்சாஸ் குறித்த அளவு 16க்கு 20 அங்குலம், வகுப்பறையின் எந்த மூலையிலிருந்தும் படிக்கத் தெரிய வேண்டும் என்ற விதியும் உண்டு. இந்தச் சட்டங்கள் எடுத்துக்கொண்ட பிரதி அந்த ஈகிள்ஸ் தூணில் உள்ளதுதான். தூணைத் தப்பவிட்ட தீர்ப்பைக் கேடயமாக்கும் உத்தி.

வரலாறே அளவுகோல் என்றானதும் வரலாற்றைத் தயாரிக்கும் ஆசையும் வந்துவிடுகிறது. கட்டளைகளின் மேல்தான் இந்நாட்டின் எதிர்காலத்தை வைத்திருக்கிறோம் என்று ஜேம்ஸ் மேடிசன் சொன்னதாக லூசியானாச் சட்டத்தின் முன்னுரையே எழுதுகிறது. மேடிசனின் எழுத்துகளில் அப்படி ஒன்று இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கிறிஸ்தவப் போதகர்களுக்கு வரிப்பணத்தில் சம்பளம் தரும் மசோதாவை 1785இல் எதிர்த்து எழுதியவர் மேடிசன். அவர் வாயிலேயே இதைத் திணித்திருப்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நோக்கத்தைச் சோதித்தபோது சட்டமன்றங்கள் மதத்தை மறைத்தன. வரலாற்றைச் சோதிக்கத் தொடங்கியதும் வரலாற்றைப் புனைகின்றன. இரண்டில் முந்தையது சிறிய பொய்.

மாவட்ட நீதிபதி ஜான் டிகிராவெல்ஸ் 2024 நவம்பரில் லூசியானாச் சட்டத்துக்குத் தடை விதித்தார். வகுப்பறையில் கட்டளைகளை நிரந்தரமாக மாட்டிவைத்த பரவலான மரபு எதுவும் நிறுவப்படவில்லை என்றார். 2025 ஜூனில் ஐந்தாம் வட்டார நீதிமன்றத்தின் மூவர் அமர்வு ஒருமனதாக அதை ஏற்றது: ஸ்டோன் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே மாற்றும்வரை அது கட்டுப்படுத்தும். ஆகஸ்டில் ஆர்கன்சாவிலும் டெக்சாஸிலும் வழக்காடிய பள்ளி மாவட்டங்களில் தடை வந்தது. பிறகு ஐந்தாம் வட்டாரத்தின் முழு அமர்வு லூசியானா, டெக்சாஸ் வழக்குகளைச் சேர்த்துக் கேட்க முன்வந்தது.

இந்த வழக்குகளைத் தொடுத்தவர்கள் நாத்திகர்கள் மட்டுமல்லர். லூசியானாவில் கிறிஸ்தவப் போதகர்கள், டெக்சாஸில் ரபி ஒருவரும் இந்துக் குடும்பமும் இருக்கிறார்கள். டாலஸ், ஹூஸ்டன் புறநகர்ப் பள்ளிகளில் தமிழ்க் குழந்தைகளும் படிக்கிறார்கள் என்பதால் சிலைகளை வணங்காதே என்ற வரி நம் வீட்டுப் பிள்ளைகளையும் நேராகப் பார்க்கிறது. போதகர்களின் ஆட்சேபமே எனக்கு வலுவானதாகப் படுகிறது. தம் வேதத்தில் எந்த வரி, எந்த வரிசை, எந்தச் சபையின் வாசிப்பு என்பதைச் சட்டமன்றக் குழு தீர்மானிப்பதை அவர்கள் மறுக்கிறார்கள்.

பணக் கணக்கு மட்டும் மாறியிருக்கிறது. தாளையும் பலகையையும் இன்றும் பெரும்பாலும் நன்கொடையாளர்களே தருகிறார்கள். ஆனால் ஒவ்வொரு பள்ளியிலும் 12 அங்குல அளவிலாவது தேசிய வாசகம் வேண்டும் என்று 2019இல் சொன்ன தெற்கு டகோட்டாச் சட்டத்தில் கூடுதலாக ஒரு பிரிவு இருக்கிறது. யாராவது வழக்குப் போட்டால் மாநிலத் தலைமை வழக்கறிஞர் பள்ளிக்காக இலவசமாக வாதாடுவார், நட்ட ஈட்டை அரசே ஏற்கும். டெக்சாஸும் தன் கட்டளைச் சட்டத்தில் பள்ளிகளின் வழக்குச் செலவை மாநிலத்தின் தலையில் வைத்திருக்கிறது. வழக்கு வரும் என்று தெரிந்தே, அதற்கான செலவை வழக்காடுபவரின் வரியிலிருந்தும் ஒதுக்கி வைத்துவிட்டு இயற்றப்படும் சட்டங்கள் இவை.